நூற்றுக்கு நூறு கலகலப்பு

தனிமை என்னும் கொடிய நோயை அடியோடு ஒழித்த பெருமை எங்கள் அலுவலகத்தையே சாரும். 'விடுமுறைக்கால மனித உறவு மேம்பாட்டுக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

விடுமுறைக்குப் பத்து நாள் முன்பே எல்லோருக்கும் படிவம் கொடுத்தோம். முக்கியமானது நான்காவது கேள்வி: 'விடுமுறையில் மனம்விட்டுப் பேச ஆள் உண்டா?' நூற்றுப் பதினொரு பேர் 'உண்டு' என்று எழுதினார்கள். ஸ்டோர்கீப்பர் மட்டும் 'இல்லை' என்று எழுதிவிட்டார். அதுவும் பேனாவால்.

மேனேஜருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலைமையகம் கேட்டிருந்தது நூறு சதவீதம்.

"ஒரு ஆளால மொத்த மானமும் கப்பலேறிடும் போலிருக்கே! போய்ப் பேசுய்யா!"

போனேன். ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த நாலாவது கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் குடுத்துடுங்க."

"பொய் எழுதச் சொல்றீங்களா தம்பி? வீட்டுக்காரி தவறி எட்டு மாசமாச்சு. வீட்ல இப்ப டிவிதான் பேசுது." லேபிளைக் கட்டைவிரலால் நீவினார். "ஒரு நாள் நீங்க வாங்களேன். டீ போட்டுத் தர்றேன். அப்புறம் தாராளமா 'உண்டு'ன்னு எழுதிடறேன்."

நியாயமான கோரிக்கை. உடனே அவசரக் கூட்டம் போட்டோம். தலைவருக்கு மாமனார் வீடு. பொருளாளருக்குக் குடும்பத்தோடு சுற்றுலா. எனக்கோ 'மனிதர்களைத் தேடிச் செல்லுங்கள்' என்ற சுற்றறிக்கை எழுதும் பொறுப்பு. ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பின், அவர் வீட்டில் டீ குடிக்க யாருக்கும் நேரமில்லை என்று டீ குடித்துக்கொண்டே ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

ஆனாலும் நான் விடவில்லை. விடுமுறையில் மூன்று முறை அவருக்குப் போன் போட்டேன்.

"படிவம் என்னாச்சுண்ணே?"

"இருக்கு தம்பி. சாப்பிட்டீங்களா? குழந்தைங்க எப்படி இருக்காங்க?"

"அதெல்லாம் நல்லா இருக்காங்க. படிவத்தை மறந்துடாதீங்க."

மூன்றாவது முறை, அவர் குழந்தைகளைப் பற்றிக் கேட்பதற்குள் வைத்துவிட்டேன். மனசுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே!

விடுமுறை முடிந்ததும் திருத்திய படிவம் வந்தது. 'உண்டு!' நூறு சதவீதம்! பின்னாலேயே தலைமையகத்திலிருந்து பரிசுக் கேடயமும் வந்தது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். கேடயத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் விடுமுறை முடிந்ததும் நிரப்ப வேண்டிய, படிவத்தின் மறுபக்கத்தைப் பார்த்தேன்.

'பேசியவர் யார்?' என்ற இடத்தில் என் பெயர். 'எவ்வளவு நேரம்?' மூன்று தடவையும் சேர்த்து நான்கு நிமிடம். 'என்ன பேசினீர்கள்?' என்பதற்குக் கீழே, நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார்:

'நான் தனியாக இல்லை என்று எழுதித் தரச் சொன்னார். வேறு யாரும் கூப்பிடவில்லை. தம்பிக்கு நன்றி.'