மேற்கு மேலேதானே?

“மேற்கு எங்கே? எனக்குக் காட்டு” என்று கேட்டது கம்ப்யூட்டர்.

ஐந்து வயதுக் குட்டி யோசிக்காமல் திரையில் இருந்த வரைபடத்தின் உச்சியில் விரலை வைத்தாள்.

“தவறு” என்றது கம்ப்யூட்டர், அவளுடைய அப்பாவின் குரலில்.

குரல் மட்டுமல்ல, உள்ளே இருந்த கடல், கப்பல், மலை எல்லாமே அப்பாவின் கைவேலை. ஆபீஸ் நேரம் போக, இரண்டு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதிய பூகோள மென்பொருள். அதன் பெருமையைக் கேட்காதவர் அந்த வட்டாரத்தில் இல்லை. பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொல்லி முடித்தவர் அவர். அடுத்த மாதம் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை முன்னால் குட்டி அதை இயக்கிக் காட்ட வேண்டும். அந்த அம்மாள் தலையசைத்தால் பதினாலு வகுப்பிலும் அதுதான் பாடம்.

“ஏம்மா மேலே காட்டுறே?”

“மேல், மேற்கு. கீழ், கிழக்கு. பேர்லயே இருக்கேப்பா.”

அப்பாவுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் பெருமைதான் வந்தது. ஆனால் பெருமையை வைத்துக்கொண்டு தலைமையாசிரியையைச் சமாளிக்க முடியாது. மறுநாள் காலையில் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், உதிக்கிற சூரியனைக் காட்டி, நாலு திசையையும் கை நீட்டிச் சொல்லிக்கொடுத்தார். குட்டிக்குக் கற்பூர புத்தி. உடனே பிடித்துக்கொண்டாள்.

கீழே வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் நிலைமை முற்றியது. இப்போது நாலு திசையும் தலைகீழ். கிழக்கு என்றால் இடது பக்கம், வடக்கு என்றால் அடிப்பக்கம்.

தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல் அம்மா காரணத்தைச் சொன்னாள். கம்ப்யூட்டர் தெற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. அதைப் பார்த்து உட்கார்ந்தால் கிழக்கு இடது கைப்பக்கம்தான் வரும்.

“அவ வீட்டைப் பார்த்துச் சொல்றா. உங்க பெட்டி படத்தைப் பார்த்துச் சொல்லுது. மேஜையைத் திருப்பிப் போடுங்க.”

பிளக் பாயின்ட் அந்த ஒரு சுவரில்தான் இருந்தது. தவிர, இரண்டு வருட உழைப்பு போயும் போயும் ஒரு மேஜைக்குப் பணிவதா என்று அவருக்கு ரோஷம். மேஜையை விட்டுவிட்டுக் குரலைத் திருத்தினார். ‘தவறு’ என்ற சொல்தான் பிஞ்சு மனதைக் குழப்புகிறது என்று முடிவுகட்டி, “பரவாயில்லை கண்ணா, இன்னொரு தடவை காட்டு” என்று கெஞ்சலாகப் பதிவு செய்தார்.

அதன் பிறகு குட்டி கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை. தினமும் சாயங்காலம் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தாள். திரையோடு முணுமுணுவென்று பேச்சு வேறு. விடை மட்டும் மாறவே இல்லை. பிள்ளை பாடத்தில் லயித்துவிட்டாள், போகப் போகச் சரியாகும் என்று அப்பா பூரித்துப்போனார்.

இயக்கிக் காட்ட வேண்டிய நாள் வந்தது. பள்ளிக்கூடத்திலும், அவருடைய போதாத காலம், கம்ப்யூட்டர் தெற்குச் சுவரை ஒட்டியே இருந்தது. குட்டி ஜன்னலில் காலை வெயிலைப் பார்த்தாள். நிதானமாக விரலை வைத்தாள். “பரவாயில்லை கண்ணா” என்றது கம்ப்யூட்டர். மூன்று கேள்வி, மூன்று பரவாயில்லை. தலைமையாசிரியையின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

அப்போதுதான் மனைவி சொன்னது அவருக்கு உறைத்தது. பாய்ந்துபோய் மேஜையைத் திருப்பினார். ஒயர் பிடுங்கிக்கொண்டது. திரை இருண்டது. இரண்டு வருடமும் அதோடு போயிற்று என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தலைமையாசிரியை குட்டியிடம் குனிந்து, வடக்கு எது என்று கேட்டார். குட்டி கதவைக் காட்டினாள். கிழக்கு? ஜன்னல். மேற்கு? கரும்பலகை. எல்லாம் சரி.

“எங்க மூணாங்கிளாஸ் பிள்ளைங்களைக் கேட்டா வடக்குன்னு கூரையைக் காட்டுதுங்க, படத்துல மேலே இருக்குல்ல. பதினாலு வகுப்புக்கும் இதையே வச்சுக்கலாம் சார்.”

அப்பாவின் சட்டைப் பொத்தான் தெறிக்காதது ஆச்சரியம். ஒருநாள்கூட இவளைக் கட்டாயப்படுத்தியதில்லை, ஒரு மாதமாக அவளாகவே வந்து உட்காருகிறாள் என்று தழுதழுத்தார்.

“அப்படியா? இது உனக்கு என்னல்லாம் சொல்லிக்குடுத்துச்சு பாப்பா?”

குட்டி இருண்ட திரையை வாஞ்சையோடு தடவிக்கொடுத்தாள்.

“அதுக்கு ஒண்ணுமே தெரியாது மிஸ். பாவம், தினமும் என்கிட்டதான் கேட்கும். நான்தான் சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன்.”