சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டி

"சிவப்பு ரிப்பன் கட்டின பச்சைப் பெட்டி யாரோடது? உடனே ஸ்கேன் ரூமுக்கு வரவும்."

விமான நிலையத்தின் அந்த நீளமான ஹாலில் மூன்றாவது தடவையாக மைக்கில் கேட்டார்கள். வரிசையை விட்டு ஒதுங்கி நின்ற தலைமையாசிரியர் மூன்றாவது தடவையாகக் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை.

"சார், உங்க பெட்டியில சிவப்பு ரிப்பன் இருந்துச்சே?" என்றார் பக்கத்தில் நின்ற பி.டி. மாஸ்டர்.

"அப்படியா? நான் கவனிக்கலையே."

"நீங்கதானே சார் அடையாளத்துக்கு எங்களையும் கட்டச் சொன்னீங்க. நான் நீலம், டீச்சர் மஞ்சள், நீங்க சிவப்பு."

பின்னால் நின்ற கணக்கு டீச்சர் அதற்குள் கையைத் தூக்கி, "எங்க ஹெச்.எம். பெட்டிதான்மா அது!" என்று கவுண்டர் பெண்ணுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டார். பதினாறு வருட சர்வீஸில் அந்த டீச்சர் இவருக்குச் செய்த உதவிகள் எல்லாமே இந்த மாதிரிதான்.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க. நான் மட்டும் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார் தலைமையாசிரியர். கால் முன்னே போனது. மனசு வாசல் பக்கம் ஓடியது.

மறுநாள் வெளியூரில் தலைமையாசிரியர்கள் மாநாடு. தலைப்பு, 'விளையாட்டுப் பொருட்களும் மாணவர்களின் கவனச் சிதறலும்'. இவர்தான் முக்கியப் பேச்சாளர். அந்தத் தலைப்பில் பேச இவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பம்பரமோ, சீட்டுக்கட்டோ, செல்போனோ, எந்தப் பையன் பையில் எது இருந்தாலும் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். எல்லாருக்கும் ஒரே பதில்தான். "அப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோ." பையன்கள் இவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரே 'கூட்டிட்டு வா' என்பதுதான். 'கூட்டிட்டு வா வராருடா' என்று ஒரு குரல் கேட்டால் போதும், மொத்த வராந்தாவும் காலியாகிவிடும்.

மாநாடு சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே ஊரில் ரிமோட் கார் பந்தயம். அதில் நாற்பத்தைந்து வயசுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில் 'மின்னல்' என்ற பெயரில் பதிவு செய்திருந்த ஆள் யார் என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மனைவிக்கும் தெரியாது. மாநாடு இரண்டு நாள் என்று சொல்லியிருந்தார். பள்ளி வாட்ச்மேனுக்கும் தெரியாது. ஞாயிறுதோறும் இவர் மொட்டை மாடிக்குப் போவது தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க என்றுதான் அவர் நினைத்திருந்தார். "தொட்டி மேல இவ்வளவு பாசம் வச்ச மனுஷனை நான் பார்த்ததே இல்லை" என்று ஊரெல்லாம் சொல்லியும் இருந்தார்.

ஸ்கேன் ரூம் என்பது ஹாலின் ஓரத்தில் இருந்த ஒரு கண்ணாடித் தடுப்பு. ஒரு ஸ்டீல் மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் தொப்பி போட்ட ஓர் ஒல்லிப் பையன், பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும்.

"பெட்டியில பேட்டரி ஏதாவது இருக்கா சார்?"

"இல்லையே."

அதிகாரி கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். "அப்ப இது என்ன?"

"ஷேவிங் மெஷின்."

"நாலு சக்கரம் இருக்கே?"

"புது மாடல்."

அதிகாரி பெட்டியைத் திறந்தார். மேலே சட்டைகள். அதற்குக் கீழே மாநாட்டுப் பேச்சு, பதினெட்டுப் பக்கம். அதற்கும் கீழே, குழந்தையைச் சுற்றுவது மாதிரி துண்டில் சுற்றிய ஒரு சிவப்புக் கார். பிறகு ரிமோட், சார்ஜர், குட்டி ஸ்க்ரூடிரைவர் செட். சுருட்டி வைத்திருந்த சாக்ஸ் ஜோடிக்குள் காலுக்கொன்றாக இரண்டு பேட்டரிகள். டிபன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே எட்டு டயர்.

"ஷேவிங் மெஷினுக்கு ஸ்டெப்னி எட்டு" என்றார் அதிகாரி.

தொப்பிப் பையன் சிரிக்கவில்லை. காரைக் கையில் எடுத்து, கவிழ்த்து, கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அடியில என்னடா கறுப்பா ஒட்டியிருக்கு?" என்றார் அதிகாரி.

"அது ஒண்ணுமில்லை. கீறல். மறைக்கிறதுக்கு ஒட்டினது" என்றார் தலைமையாசிரியர் அவசரமாக.

பையன் காரை மேசைமேல் பத்திரமாக வைத்தான்.

"பாருங்க சார்," என்றார் அதிகாரி. "இந்த பேட்டரி பெட்டியோட கீழ போகக் கூடாது. தீப்பிடிச்சா அங்க பார்க்க ஆளில்லை. கையில எடுத்துட்டுப் போங்க, யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. ஆனா நீங்க இல்லைன்னு சொன்னீங்க பாருங்க, அதான் இப்ப நான் எழுத வேண்டியதாப் போச்சு. பொருள் யாரோடது? உங்களோடதா?"

'ஆமா' என்ற ஒரே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பி.டி. மாஸ்டரும் கணக்கு டீச்சரும் வேக வேகமாக வந்துகொண்டிருந்தது தெரிந்தது.

"என் பேரனோடது" என்றார்.

கதவு திறந்தது.

"பேரனா?" என்றார் கணக்கு டீச்சர். "உங்க பொண்ணு இன்னும் காலேஜ்ல படிக்கிறாளே சார்!"

டீச்சரின் கண் மேலே போய் நின்றது. கணக்குப் போடுகிறார் என்பது தெரிந்தது. தலைமையாசிரியருக்குக் காது இரண்டும் கொதித்தன. ஒன்றும் அறியாத பெண், வீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறது.

"ஐயையோ, பேரன்னா சொந்தப் பேரன் இல்லை டீச்சர். பேரன் மாதிரி. நம்ம ஸ்கூல் பசங்க எல்லாருமே எனக்குப் பேரனுங்க மாதிரிதானே? அவங்களுக்காக வாங்கின பாடக் கருவி. விசை, வேகம், உராய்வு. மாநாட்டுல செஞ்சு காட்டலாம்னு..."

"சார்!" என்று பி.டி. மாஸ்டர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "வெளிய ஒரு வார்த்தை சொல்லாம எப்படி சார் இப்படி உழைக்கிறீங்க?"

"என்கிட்ட ஷேவிங் மெஷின்னு சொன்னாரே" என்றார் அதிகாரி.

"தன்னடக்கம் மேடம்" என்றார் பி.டி. மாஸ்டர்.

அதிகாரி பேனாவை மூடினார். "நல்லது. அப்ப ஓட்டிக் காட்டுங்க. உள்ள வேற எதுவும் இல்லை, கார்தான்னு நானும் பார்க்கணும்ல?"

ஒரு பேட்டரியை மாட்டி, காரைத் தரையில் இறக்கினார்கள். தலைமையாசிரியர் ரிமோட்டைக் கையில் வாங்கியதும் ஒரு முடிவுக்கு வந்தார். தெரியாதவன் மாதிரி ஓட்ட வேண்டும். கார் நேராகப் போய் மேசைக் காலில் முட்டியது. பின்னால் வந்து பி.டி. மாஸ்டரின் ஷூவில் முட்டியது.

"பாவம், சாருக்குப் பழக்கமில்லை" என்றார் பி.டி. மாஸ்டர். தலைமையாசிரியருக்கு உயிர் வந்தது. இன்னும் ஒரு முட்டு முட்டினால் முடிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு டிராலி உள்ளே வந்தது. மேலே ஆள் உயரத்துக்குப் பெட்டிகள். தள்ளுகிறவருக்குத் தரை தெரியவில்லை. சக்கரம் நேராகக் காரை நோக்கி வந்தது.

அதற்கப்புறம் நடந்தது எதையும் தலைமையாசிரியர் செய்யவில்லை, அவருடைய விரல்கள்தான் செய்தன. கார் பின்னுக்குப் பாய்ந்தது. நின்ற இடத்திலேயே சுழன்றது. டிராலியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் குறுக்கே புகுந்து அந்தப் பக்கம் போய், கணக்கு டீச்சரின் செருப்பை ஒரு முழு வட்டம் சுற்றி, இவர் கால் கட்டைவிரலுக்கு ஓர் அங்குலம் முன்னால் வந்து நின்றது. வளைவுகளில் இவருடைய இடுப்பும் கூடவே வளைந்தது. வாய் 'ர்ர்ர்ர்' என்று சத்தம் கொடுத்தது. அந்த 'ர்ர்ர்ர்' தான் அவமானத்திலும் பெரிய அவமானம். ஏனென்றால் கார் நின்ற பிறகும் அது ஒரு நொடி ஓடிக்கொண்டிருந்தது.

டிராலிக்காரர் ஒன்றும் புரியாமல் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனார்.

"உராய்வு நல்லாவே தெரிஞ்சுது சார்" என்றார் கணக்கு டீச்சர் மெதுவாக. "ஆனா இது பாடக் கருவி மாதிரி இல்லை. பல வருஷப் பழக்கம் மாதிரி இருக்கு."

அதிகாரி கை விரலை மடக்கினார். "ஷேவிங் மெஷின். பேரன். பாடக் கருவி. நாலாவதா ஏதாவது வச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். இல்லைன்னா நான் எங்க பெரிய ஆபீசரைக் கூப்பிடணும். உங்க பிளைட்டும் போயிடும், நாளைக்கு உங்க மாநாடும் போயிடும்."

"பறிமுதல் பண்ணினது" என்றார் தலைமையாசிரியர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "கிளாஸ்ல ஒரு பையன்கிட்ட இருந்து எடுத்தது. இந்த மாதிரி பொருளையெல்லாம் ஸ்கூலுக்குக் கொண்டு வராங்கன்னு மாநாட்டுல காட்டணும்ல, அதுக்கு."

அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். பாதி உண்மை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சு. அவருக்குப் பையன்களின் முகம் நினைவில் நிற்காது, பைகள்தான் நிற்கும். அது ஜிப் போன காக்கிப் பை. அந்தப் பையன் நான்கு நாள் அவர் அறைக்கு வெளியே, வாசற்படியைத் தாண்டாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அப்பா ஊர்ல இல்லை சார். வெளியூர்ல லாரி ஓட்டுறாரு. வர நாளாகும் சார்."

"நாளானா ஆகட்டும். வந்ததும் கூட்டிட்டு வா."

ஐந்தாவது நாள் அவன் வரவில்லை. வருஷக் கடைசியில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான். கார் பீரோவில் கிடந்தது. ஒரு லீவு நாளில், சும்மா, ஓடுகிறதா என்று பார்க்கத்தான் எடுத்தார். ஓடியது. அடுத்த ஞாயிறும் எடுத்தார். அப்புறம் மோட்டார் மாற்றினார், பேட்டரி மாற்றினார், டயர் மாற்றினார். அடியில் ஸ்கெட்ச் பேனாவால் கோணல் மாணலாக ஒரு பெயர் எழுதியிருந்தது. அதை மட்டும் மாற்ற முடியாமல் மேலே கறுப்பு டேப் ஒட்டினார்.

"அந்தப் பையன் அப்புறம் வந்து கேட்கவே இல்லையா சார்?" என்றார் பி.டி. மாஸ்டர்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் எல்லாரும் தன்னை நம்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு மேடைக் குரல் வந்துவிட்டது.

"அக்கறை இருந்தா அப்பனைக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டானா மாஸ்டர்? பொறுப்பில்லாத பய. அவன் மட்டுமா, அவங்க அப்பனும் அப்படித்தான் இருந்திருப்பான்."

தன் வாயிலிருந்து வந்தது தனக்கே நாறியது. ஆனால் அதிகாரியின் முகம் முதல் தடவையாக மலர்ந்திருந்தது.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன சார்? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, எப்பப் பார்த்தாலும் செல்போன். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்." எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, "டேய், பேட்டரிக்கு டேப் போட்டுக் குடுடா சாருக்கு" என்றார்.

தொப்பிப் பையன் பேட்டரி முனைகளில் அழகாக டேப் சுற்றினான். ஒவ்வொன்றையும் தனித் தனி உறையில் போட்டான். பிறகு யாரும் சொல்லாமலே காரை எடுத்து, சக்கரத்தில் ஒட்டியிருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். பெட்டிக்குள் வைக்கவில்லை, தலைமையாசிரியர் கையில் கொடுத்தான்.

"இதையும் கையிலயே வச்சுக்கோங்க சார். பெட்டியில போட்டா அடிபடும்." அவன் பேசியது அப்போதுதான். "உங்க கேட் கடைசியில இருக்கு. நடந்தா நேரத்துக்குப் போக முடியாது. பெரியவங்களைக் கூட்டிட்டுப் போற பேட்டரி வண்டி ஒண்ணு ஓடுது. வரச் சொல்றேன்."

தலைமையாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பொய் சொன்ன ஒருத்தனுக்கு இப்படி ஓர் உபசாரமா?

"பாருங்க மாஸ்டர், பிள்ளைன்னா இப்படி இருக்கணும். என்ன பொறுப்பு! நல்ல ஸ்கூல்ல படிச்சிருப்பே போல, தம்பி?"

"ஆமா சார்" என்றான் பையன். போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

பி.டி. மாஸ்டர் பெட்டிக்குச் சிவப்பு ரிப்பனை மறுபடி கட்டினார். கணக்கு டீச்சர் காரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலைமையாசிரியர் காரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். நாளைக்குப் பேச்சை முடித்ததும் இதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்ததும் என்று திருத்திக்கொண்டார்.

வெளியே பேட்டரி வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அறுபது வயசுக்காரர். நரைத்த மீசை, காக்கிச் சட்டை. பையன் அவர் கையைப் பிடித்து இறக்கி அழைத்து வந்தான். கதவருகில் வந்ததும் தொப்பியைக் கழற்றினான். உள்ளே வராமல், வாசற்படியைத் தாண்டாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார், அப்பா ஊர்ல இருந்து வந்துட்டாரு. கூட்டிட்டு வந்திருக்கேன்."