இருவாச்சி வீட்டுச் சுவர் வழக்கு

டொக். டொக். டொக்.

ஒரு காட்டில் முதலில் இந்தச் சத்தம்தான் கேட்டது. அப்புறம்தான் மரம் தெரிந்தது. மரப்பொந்தை அடைத்த சுவரும், அதில் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறலும் தெரிந்தன. வெளியே பழத்தோடு தட்டிக்கொண்டிருந்தது பூவலிங்கம் என்கிற ஆண் இருவாச்சிப் பறவை. உள்ளே அவன் பெண்டாட்டி சொர்ணமும் இரண்டு குஞ்சுகளும். முட்டையிடும் காலத்தில் பெண் உள்ளே போய்ச் சுவர் வைத்து அடைத்துக்கொள்வாள், ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டுவான். இருவாச்சி குலத்து வழக்கம் அது. பழம் வராவிட்டால் மூன்று உயிரும் போகும்.

அந்த வருஷம் காட்டில் குடும்பப் பாதுகாப்புக்கென்று குற்றச் சட்டம் வந்திருந்தது. நல்ல சட்டம்தான், யாரோ அழுததைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். ரோந்து வந்த இன்ஸ்பெக்டர் காட்டுப்பன்றி அதில் முதல் பக்கம் மட்டும் படித்திருந்தார்.

"பெண்டாட்டியைச் சுவர் வெச்சு அடைச்சிருக்கே. இறங்கி வாடா."

"ஐயா, சுவர் வெச்சது நான்!" என்று கீறல் வழியாகக் கத்தினாள் சொர்ணம்.

"எல்லாப் பொம்பளையும் இப்படித்தாம்மா சொல்லும். ஸ்டேஷனுக்கு நேர்ல வந்து சொல்லு."

"அடைகாக்கிற காலத்துல எங்களுக்கு இறகு உதிரும், உதிர்ந்து கெடக்கேன், எப்படிப் பறக்க?"

"இறகை வேற பிடுங்கியிருக்கானா? ஏட்டு, அதையும் சேர்த்து எழுதிக்கோ."

ஏட்டு மந்தி எழுதிக்கொண்டது. பிறகு மரமேறி, தடயத்துக்காகச் சுவரில் ஒரு சில்லைப் பெயர்த்தது. பாம்பு நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் அணில் வீங்கிய கண்ணோடு மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள். புருஷன் அடித்த அடி. "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும், அனுசரிச்சுப் போம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, பன்றி பூவலிங்கத்தை லாக்கப்பில் தள்ளினார்.

"ஐயா, குஞ்சுங்க பட்டினியா கெடக்கும்" என்றான் பூவலிங்கம்.

பன்றி வேறு வழியில்லாமல் சட்டத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். வழக்கு முடியும்வரை பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் போலீஸ்தான் சோறு போட வேண்டுமாம். ஏட்டு கிளம்பியது. அத்திமரத்துக்கும் பொந்துக்கும் பதினோரு நடை. பன்னிரண்டாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஐயா, ஒண்ணு அவனை விடுங்க, இல்ல என்னை விடுங்க" என்றது.

ஏட்டின் இடுப்பை முன்னிட்டு ஜாமீன் கிடைத்தது.

"தினம் முப்பது தடவை அந்தச் சுவர் முன்னாடி ஆஜராகணும். வெறுங்கையோட போகக் கூடாது, பழம் இருக்கணும்."

"காலையில அதைத்தானே ஐயா பண்ணிட்டிருந்தேன்?"

"காலையில அது குற்றம். இப்ப அது நிபந்தனை."

வெளியே வந்தவனை அணில் நிறுத்தினாள். "அண்ணே, உங்களை மட்டும் எப்படி உடனே உள்ள வெச்சாங்க? என் வீட்டுக்காரரையும் அப்படி வைக்க நான் என்ன பண்ணணும்?"

பூவலிங்கம் அவள் கண்ணைப் பார்த்தான். சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"ஒரு சுவர் கட்டும்மா."

பொந்துக்குப் போனபோது சொர்ணம் உள்ளிருந்து ஓட்டையைப் பூசிக்கொண்டிருந்தாள். பாம்பு வரவில்லை. இரண்டு குஞ்சும் கத்தின. அவன் அத்திப்பழத்தை அலகில் கவ்விக்கொண்டு தட்டினான்.

டொக். டொக். டொக்.

நீதி: வீட்டில் அடி வாங்குகிறவர்கள் முதலில் வாசலில் ஒரு சுவர் எழுப்பவும், சட்டத்துக்கு வீங்கிய கண்ணைவிடச் சுவர் நன்றாகத் தெரியும்.