சாட்சி சொன்ன தொண்டை

பாளையம்பட்டி இன்பராஜுக்கு மில்லில் வேலை என்று ஊர் சொல்லும். அவரைக் கேட்டால் சாட்சி சொல்வதுதான் வேலை, மில்லு சும்மா சோத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், "சாட்சி சொல்ல விரும்புறவங்க சொல்லலாம்" என்று பாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் மனுஷன் எழுந்து நிற்பார். தொலைந்த சைக்கிள் சாவியைக் கர்த்தர் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்றே கால்மணி நேரம் சாட்சி சொன்ன ஆள்.

அப்பேர்ப்பட்ட தொண்டைதான் தொண்ணூற்றொன்றாம் வருசம் செப்டம்பரில் படுத்துவிட்டது. எச்சில் விழுங்கினால் முள்ளாகக் குத்தியது. காய்ச்சல் வேறு. மனைவி ஜெப ஷீலா அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார், இருமல் சளி உண்டா என்று கேட்டார். இல்லை. பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையைத் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் விளக்கமாகவே சொன்னார். சளியில் வருகிற தொண்டை வலி தானாகப் போய்விடும், அதற்கு இந்த மாத்திரை வேண்டியதே இல்லை. இது வேறு கிருமி. பென்சிலின் பத்து நாள் சாப்பிட வேண்டும், வலி போனாலும் நிறுத்தக்கூடாது. அரைகுறையாக விட்டால் திரும்பி வரும், சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் மூட்டு வீங்கி இதயம்வரைக்கும் கெடுத்துவிடும். இன்பராஜ் பயபக்தியோடு தலையை ஆட்டினார்.

மூன்றாம் நாள் வலி போனது. நான்காம் நாள் மாத்திரையும் போனது, கொல்லையில் முருங்கை மரத்தடிக்கு. அந்த ஞாயிறு எழுந்து நின்றார் பாருங்கள், அன்றைக்கு மாதிரி ஒரு சாட்சி அவர் சொன்னதே இல்லை.

"பத்து நாள் மாத்திரைன்னாரு டாக்டரு. நான் மூணே நாள்ல தூக்கி எறிஞ்சிட்டேன். என் டாக்டரு மேல இருக்காரு."

சபை மொத்தமும் ஸ்தோத்திரம் சொன்னது. ஜெப ஷீலா மட்டும் சொல்லவில்லை. மாத்திரை போன இடம் அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை தொண்டை வலி திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. வெள்ளிக்கிழமை தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனார். டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து பத்து நாள் எழுதினார். இந்தச் சங்கதி வெளியே போகக்கூடாது, சத்தியம் பண்ணு என்று இன்பராஜ் ஷீலாவிடம் கேட்டார். சத்தியம் பண்ணக்கூடாதென்று வேதத்திலேயே இருக்கிறதே என்று அவள் நழுவிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தவள் வாசலிலேயே நின்றாள். அந்த வீட்டுச் சுகந்தியின் மகள் ஏஞ்சலினுக்கு ஏழு வயசு. அவளுக்கும் அதே தொண்டை நோய், அதே டாக்டர், அதே மாத்திரை. இன்பராஜின் சாட்சியைக் கேட்டுவிட்டு வந்த கையோடு சுகந்தி மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். இப்போது பிள்ளை காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறது. டாக்டரிடம் போ என்றால் அது அவிசுவாசம் என்கிறாள்.

"இன்பராஜ் அண்ணன் தன் வாயால தான் சொன்னது தப்புன்னு சொல்லட்டும், அப்பப் போறேன்னு சொல்றா சுகந்தி. வாங்க, இப்பவே வந்து சொல்லுங்க" என்றாள் ஷீலா.

இன்பராஜுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கே கண்டாலும் மாமா என்று ஓடிவந்து சைக்கிள் கேரியரில் ஏறுகிற பிள்ளை. அதுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா எந்த மூஞ்சியோடு நடமாடுவது? ஆனாலும் சபையில் அத்தனை பேர் ஸ்தோத்திரம் சொன்னார்களே, அவர்கள் முன்னால் பொய்யனாக எப்படி நிற்பது? இந்த இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினார். காலண்டர் தாளைக் கிழித்து, "குரல் சுத்தமாகப் போய்விட்டது" என்று எழுதி நீட்டினார்.

ஷீலா படித்தாள். கொஞ்சங்கூடக் கோபப்படவில்லை. "அப்பச் சரி. காலையில சாட்சி நேரத்துல நான் சொல்லிக்கிடுறேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்" என்றாள். அவள் பக்குவமாகப் பூசி மெழுகிவிடுவாள் என்று இன்பராஜுக்கு உயிர் வந்தது.

காலையில் சபை முன்னால் ஷீலா நின்றாள். பக்கத்தில் கழுத்தில் மப்ளரோடு இன்பராஜ்.

"இவுகளுக்குக் குரல் போயிருச்சு, அதான் நான் சொல்றேன். விசுவாசத்துல ஒண்ணும் இவுக மாத்திரைய எறியல. பயம். டாக்டரு தொண்டையில குச்சிய விட்டதுமே எம்மா, எம்மான்னு அழுது என் மடியில படுத்துட்டாக."

"யாருடி அழுதது? எவன்டி மடியில படுத்தான்?"

கோயில் மணி தோற்றது, அப்படி ஒரு குரல். சபை திரும்பிப் பார்த்தது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "குரல் வந்திருச்சு, ஸ்தோத்திரம். மீதிய நீங்களே சொல்லுங்க இன்பராஜ்" என்றார். ஷீலா முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் வாழ்க்கையிலேயே ஒரு நிமிசத்தில் முடித்த சாட்சி அதுதான். வலி போனது மாத்திரையால். பெருமைக்காக மாற்றிச் சொன்னேன். நோய் திரும்பி வந்துவிட்டது, மறுபடி மாத்திரை சாப்பிடுகிறேன். சொல்லும்போது தலை நிமிரவில்லை, கண் கலங்கிப்போனது. "சுகந்தி, இப்பவே பிள்ளையத் தூக்கிட்டுப் போம்மா. என்னால கெட்டுப்போகக் கூடாது அது" என்றார். சுகந்தி ஆராதனை முடியும்வரை இருக்கவில்லை.

ஏஞ்சலினுக்கு மறுபடி பத்து நாள் மாத்திரை. பிள்ளை விழுங்க அடம் பிடிக்கிறது, நீங்களும் அங்கேயே போய்ப் போட்டுக்கொண்டால் அதுக்கு ஒரு துணை என்று ஷீலா சொன்னாள். செய்த பாவத்துக்கு இதாவது செய்வோம் என்று இன்பராஜ் மறுநாள் காலையிலேயே மாத்திரையும் கையுமாகப் போனார். பிள்ளை எதிரில் உட்கார்ந்து, வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தைரியத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்தார்.

ஏஞ்சலின் தன் மாத்திரையை எப்போதோ விழுங்கியிருந்தாள். பாயை விட்டு எழுந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"நாக்கத் தூக்குங்க மாமா. நீங்க நெசமாவே முழுங்குறீகளான்னு பத்து நாளும் பாக்கணுமாம், அத்தை சொன்னாக."