வடிவு முயலான கதை

ஒரு காட்டில், சுனை வற்றுமுன் மலையைக் கடந்துவிட வேண்டிய கடமான் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அதில் வடிவு என்னும் பெண்மானுக்கு இடது முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசியது. ஏற்றத்தில் நொண்டும் மானுக்காகக் கூட்டம் நிற்காது என்பதை வடிவு நன்கறியும்.

ஆகவே அது மூட்டு ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் கொக்கிடம் சென்றது. கொக்கு ஒற்றைக்காலில் நின்றபடி ஹைட்ரோஜெல் என்னும் புது மருந்தின் பெருமையை விளக்கியது: ஊசி வழியே நீராய்ப் போகும், மூட்டுக்குள் கூழாய் உறையும், அதைப் பற்றிக்கொண்டு புதுக் குருத்தெலும்பு வளரும்.

"அப்படியானால் எனக்குப் போடுங்கள், டாக்டர்."

"இப்போதைக்கு முயல்களுக்கு மட்டும்தான் அம்மா."

வாசலில் நின்ற சிங்காரம் என்னும் முயலை வடிவு விசாரித்தது. "உனக்கும் மூட்டுவலியா தம்பி?"

"எனக்கேது வலி அக்கா? நல்ல காலில் துளை போட்டார்கள். கூழை ஊற்றி அடைத்தார்கள். கால் பழையபடி ஆயிற்று. அதற்குப் பெயர் வெற்றியாம். இன்னொரு கால் கேட்கிறார்கள். நான் கிளம்புகிறேன்."

முயல் ஓடிவிட்டது. கொக்கு தன் வெற்றியைக் காட்டவேண்டிய கருத்தரங்கோ நெருங்கிவிட்டது. கொக்கு வடிவின் காதை அலகால் அளந்து, "நீளமாகத்தான் இருக்கிறது. முயல் என்றே வைத்துக்கொள்வோம்," என்றது. நடக்க முடிந்தால் போதும் என்றிருந்த வடிவுக்கு முயலாவதில் ஆட்சேபம் இல்லை.

மயக்கம் தெளிந்து பார்த்தால், கட்டு வலது முழங்காலில் இருந்தது.

"டாக்டர், வலி இடது காலில்."

"தெரியும். தேய்ந்த மூட்டில் சோதித்தால் முடிவு குழம்பிவிடும். துளை ஒழுங்காக விழ நல்ல மூட்டுத்தான் வேண்டும்."

"அப்படியென்றால் இடது கால்?"

"அதைத் தொடவே கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டாமா?"

புறப்படும் நாளில் கூட்டத்தின் தலைவி வந்து எட்டிப் பார்த்தது. "என்னடி, ஒரு கால்தானே வலி என்றாய்?"

"அது வைத்தியத்துக்கு முன்னால்," என்றது வடிவு.

கூட்டம் மலையேறிப் போயிற்று.

கருத்தரங்கில் வடிவை நடக்கவிட்டார்கள். ஆறிய வலது கால் உறுதியாக ஊன்றியது. இடது கால் இழுபட்டது. "மருந்திட்ட காலுக்கும் இடாத காலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்," என்றது கொக்கு. பறவைகள் சிறகு தட்டின.

"இடது காலுக்கும் போட்டுவிடக் கூடாதா?" என்று காகம் கேட்டது.

"போட்டால் வேறுபாடு போய்விடுமே," என்றது கொக்கு, பொறுமையாக.

நீதி: நல்ல உடம்போடு மருத்துவரிடம் செல்க; நோய் உள்ளவர்கள் ஒப்பீட்டுக்குத் தேவைப்படுவார்கள்.