முழங்காலர் நடுவில் இருந்த படகு

மட்டக்களப்பு வாவிக்கரையில் மனிதரை முகத்தால் அல்ல, முழங்காலால் அடையாளம் வைத்திருக்கும் ஒரே ஆள் எங்கள் முழங்காலர்தான். பூங்காவுக்குப் பக்கத்தில் பெடல் படகுகளை வாடகைக்கு விடுகிறார். சைக்கிள் மாதிரி மிதித்தால் போகுமே, இருவர் இருக்கும் படகு, அதுதான். படகெடுக்கப் பெட்டையோடு வந்தவனா, பெண்சாதியோடு வந்தவனா என்று ஊர் பார்க்கும். அவர் காலின் நீளத்தைப் பார்ப்பார்.

ஏறி இருந்ததும் ஸ்பேனரோடு காலடியில் வந்து குந்திவிடுவார்.

"மிதியுங்க பாப்பம். நோகுதா?"

"இல்ல."

"இப்ப நோகாது. நடுவில போய்த்தான் நோகும்."

இருக்கையை ஒரு துளை பின்னுக்குத் தள்ளுவார். பெடலின் மேல் பலகைத் துண்டு வைத்துச் சைக்கிள் டியூப்பால் கட்டுவார். பிறகு பலகையைக் கழற்றிவிட்டு, இருக்கையைப் பழைய துளைக்கே கொண்டு வருவார். மதிய இடைவேளையில் வந்த வங்கி மேலாளர் ஒருவர், இந்தச் சடங்கு முடிவதற்குள் வேலைக்கு நேரமாகி, கரையை விட்டு ஓரடி நகராமலே இறங்கிப் போனார். நல்ல வசதியான படகு என்று எல்லோரிடமும் சொன்னாராம்.

படகைத் திருப்பும் பிடி இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருக்கும். புருசன் பெண்சாதி வந்தால் முழங்காலர் அதைப் பெண் பக்கம் சாய்த்து இறுக்கிவிடுவார். ஒரு கணவர் முறைத்துப் பார்த்தார்.

"தம்பி, நீங்க இருக்கிற வீடு ஆர்ட?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருக்க வேண்டும்.

"அவட வீடு."

"அப்ப பிடியும் அவட பக்கம் இருக்கட்டும்."

இப்பேர்ப்பட்டவரின் கையில்தான் என் தங்கையின் கலியாணம் போய் மாட்டியது. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் தட்டிக் கழித்தவள், "தனியக் கதைச்சுப் பாக்காம ஓம் எண்டு சொல்ல மாட்டன்" என்று நின்றாள். கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்குக் கேட்கக் கூடாது. அப்படி ஓர் இடம் எங்கே என்று அம்மா மண்டையை உடைத்துக்கொண்டா. கடைசியில் வாவி கைகொடுத்தது. மாப்பிள்ளை வெல்லாவெளியில் வயல் செய்கிறவர், நல்ல உயரம். "இதையும் வேணாமெண்டாளெண்டா நான் இனி ஆளத் தேட மாட்டன்" என்று அம்மா என் காதில் சொல்லி வைத்திருந்தா.

இரண்டு குடும்பமும் கரையில் வரிசையாக நின்றோம். முழங்காலர் தங்கையின் பக்கத்தைச் சரிசெய்து முடித்து மாப்பிள்ளையின் இருக்கையில் கை வைக்கும்போது அம்மா மணியைப் பார்த்தா.

"ராகுகாலம் துடங்கப் போகுது! விடுங்க படக!"

"தம்பிட கால் இன்னும்…"

"அது வெல்லாவெளிக் கால், தாங்கும். விடுங்க!"

படகு போனது. ஒவ்வொரு மிதிக்கும் மாப்பிள்ளையின் முழங்கால் எழும்பி முகத்து நாடியைத் தொட்டுத் தொட்டு வந்தது. தங்கை ஏதோ கேட்க, அவர் ஏதோ சொல்ல, எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. முழங்காலருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கரையில் மேலும் கீழும் நடந்தார். பிறகு சாரனை மடித்துக் கட்டி, ஸ்பேனரைத் தலைக்கு மேலே பிடித்தபடி வாவிக்குள் இறங்கிவிட்டார்.

"தம்பி! மிதிக்காதீங்க! மூட்டுத் தேஞ்சிரும்!"

படகு ஓட்டை என்று நினைத்து மாப்பிள்ளையின் தாய் கத்திக் குழறினா. முழங்காலர் இடுப்பளவு தண்ணீரில் போய்ப் படகைப் பிடித்து ஏறி, மாப்பிள்ளையின் இருக்கை ஆணியைக் கழற்றினார். அது கைதவறி வாவிக்குள் விழுந்தது. ஆணி இல்லாத இருக்கை பின்னுக்கு வழுக்கியது. அதன் பின்மூலைக்குத் தன் முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட இருவருக்கும் நடுவில் குந்திவிட்டார்.

"இப்ப மிதியுங்க. எப்பிடி, சுகமா?"

தனியாகக் கதைக்கப் போன பயணம் அப்படியே மூன்று பேராகத் திரும்பியது. "இதென்ன படகா, பஸ்ஸா?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டா. நான் முழங்காலரைக் கிழித்துத் தோரணம் கட்டுவதற்குச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் மெதுவாகக் கேட்டேன். "என்ன கதைச்சீங்க?"

"எங்க கதைக்க விட்டவர்? ஆனா அக்கா, அந்த மனிசன் நனைஞ்சு நடுங்கக்குள்ள, இவர் ஒரு சொல்லு ஏசல்ல. பொக்கட்டுக்குள்ள இருந்த தன்ட லேஞ்சிய எடுத்து அவர்ட தலையத் துடைச்சு விட்டவர். எனக்கு இவர் போதும். அம்மாட்டச் சொல்லுங்க."

கலியாணக் கார்டுகளில் முதலாவது பிள்ளையார் கோயிலுக்குப் போனது. அடுத்தது தாய்மாமனுக்குப் போவதுதான் முறை. அம்மா அதை எடுத்து என் கையில் தந்து, "இத முழங்காலருக்குக் குடுத்திட்டு வா" என்றா.

மாமாவுக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை. தீராமலே இருக்கட்டும். எனக்கு முழங்காலரை அவ்வளவு பிடிக்கும்.