கிணற்றுக்குள் இறக்கிய டான்ஸ் பாட்டு

எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவனிடம் யாரும் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். இதைத் தூக்கு, அதை இறக்கு என்பதோடு சரி. நானும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தேன். துடியலூர் மில்காரர் வீட்டுச் சின்ன முதலாளி என்னையும் ஒரு மனுஷனாக மதித்து, இசைத்தட்டுக்குள் சத்தம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று உட்கார வைத்து விளக்கிவிட்டார். அத்தனையும் அதனால் வந்த வினை.

அப்போது நான் சிங்காநல்லூரில் என் தாய்மாமன் நடத்திய ரேடியோ செட் கடையில் இருந்தேன். கல்யாணமோ, காதுகுத்தோ, மாரியம்மன் நோம்பியோ, ஆம்ப்ளிபயரையும் ஒலிபெருக்கிக் குழாய்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவோம். மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது, பிளேட்டு மாற்றுவது, மைக்கைப் பிடித்து "ஒன்னு, ரெண்டு, மூணு" சொல்வது எல்லாம் என் பொறுப்பு. (மூன்றுக்கு மேல் போய் நான் யாரையும் சிரமப்படுத்தியதில்லை.)

மாமனுக்கு ஒரே மகள், தங்கமணி. முறைப்படி எனக்கு வர வேண்டியவள். ஆனால் மாமன் மனசு முறைப்படி நடக்கவில்லை. உடுமலைப்பேட்டைத் தேங்காய் மண்டிக்காரர் தன் மகனுக்குப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் பி.ஏ. படித்தவர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. என் கதை வேறு. மாமன் சஷ்டி விரதம் என்று சொல்லிவிட்டுப் பந்தியில் ரகசியமாக உட்கார்ந்திருந்தபோது, "விரதத்தில் இருக்கும் எங்கள் முதலாளிக்கு இன்னும் ரெண்டு வடை வைக்கவும்" என்று மைக்கில் அறிவித்தவன் நான். அதை அவர் மறந்ததாகத் தெரியவில்லை.

சின்ன முதலாளியின் கல்யாணத்துக்கு மறுநாள் தோட்டத்து பங்களாவில் டீ பார்ட்டி. செட்டு எங்களுடையது. கல்யாணத்துக்குத் தேங்காய் போட்டது மண்டிக்காரர், அதனால் அப்பாவும் மகனும் விருந்தாளிகள். மாமன் என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இங்க பாரு. அன்னிக்குச் செட்டு ஒழுங்கா ஓடோணும். ஒரு சேட்டை, ஒரு கோணங்கித்தனம் ஆகாது. நல்லபடியா முடிச்சீன்னா, என்ற புள்ளைய உனக்குக் குடுக்கறதப் பத்தி யோசிக்கறேன். இல்லீன்னா அங்கயே உடுமலப்பேட்டைக்காரங்களோட வெத்தல பாக்கு மாத்திப்போடுவேன்."

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவு பவ்வியமாக நான் தலையாட்டி அவர் பார்த்ததில்லை. அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பார்ட்டி அன்று மத்தியானமே மாமன், அத்தை, தங்கமணி, நான் எல்லோரும் போய்விட்டோம். மாமன் வாசல் பக்கம் விளக்கு கட்டப் போய்விட்டார். நான் ஒரு குழாயைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு இறங்கினால், சின்ன முதலாளி கையில் ஒரு பிளேட்டோடு நிற்கிறார். சீமையில் படித்துவிட்டு வரும்போது கொண்டுவந்த டான்ஸ் பாட்டு. எங்கள் பிளேட்டு கீழே விழுந்தால் அப்பளம். இது வளைகிறது, கனமே இல்லை. கறுப்புப் பாவாடை போலப் பளபளவென்று இருந்தது. எங்கள் பிளேயரில் வைக்கப் போனேன். மனுஷன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஊசிய வெச்சா பிளேட்டு முச்சூடும் உழுதுபோடுமப்பா."

தன்னுடைய பிளேயரையே கொண்டுவரச் சொன்னார். அதன் ஊசிக் கை கோழி இறகு மாதிரி இருந்தது. ஆம்ப்ளிபயரில் மாட்டி, சின்னதாக வைத்துக் கேட்டோம். டிரம் வாசிக்கிறார்கள் என்று அவர் சொன்னதால் டிரம் என்று ஒப்புக்கொண்டேன். தகர டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்டது போல இருந்தது.

அவர் முகம் வாடிவிட்டது. பாவம், புதுமாப்பிள்ளை. அந்த ஊரில் இதே பாட்டுக்குத் தரையே அதிருமாம். இவருக்கும் பெண்ணுக்கும் அந்த அதிர்வில் ஆடிக்காட்ட வேண்டுமாம். அப்போதுதான் அந்த விளக்கத்தை ஆரம்பித்தார். கனத்த சத்தத்துக்கு பேஸ் என்று பெயர். அதை அப்படியே பிளேட்டில் வெட்டினால் கோடு அகலமாக வளைந்து பக்கத்துக் கோட்டில் போய் இடிக்கும், ஊசி எகிறும். அதனால் பிளேட்டு தயார் பண்ணும்போதே பேஸை அமுக்கி, கீச்சுச் சத்தத்தை ஏற்றி வெட்டுவார்கள். ஓட்டும்போது நம் செட்டு அமுக்கினதைத் தூக்கிவிட வேண்டும். எங்கள் ஆம்ப்ளிபயருக்கு அந்த வித்தை தெரியாது. தெரிந்தாலும் தகரக் குழாயின் வாய்க்கு அவ்வளவு கனத்த சத்தம் வராது.

"பேஸு உள்ளதான் இருக்குது. வெளிய வர மாட்டேங்குது" என்று முடித்தார்.

இந்தக் கடைசி வரி மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. உள்ளே இருக்கிறது, வர மாட்டேன் என்கிறது. வந்து உலாவ இடம் வேண்டும். தகரக் குழாயில் ஏது இடம்? எனக்குத் தெரிந்து குரல் கனக்கும் இடம் ஒன்றுதான். சின்ன வயசில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து மாமன் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். போவது என் கீச்சுக்குரல், திரும்பி வருவது ஊர்த் தலைவர் குரல்.

பங்களாவுக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருந்தது. ஒரு வீடே உள்ளே இறங்கும், அவ்வளவு பெரிசு. அந்தக் கோடையில் அடியில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. கயிறுதான் வேண்டும். சமையல் கொட்டகைப் பக்கம் பெண்களோடு வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த தங்கமணியிடம் போய்க் கேட்டேன். கயிறு எடுத்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் கயிற்றின் மறுமுனையை விடவில்லை.

"ஏனுங்க, கெணத்துக்குள்ள இருந்து டம்முடம்முன்னு வந்தா சனம் என்னன்னு நெனைக்குமுங்க?"

"கெணறு பாடுதுன்னு நெனைக்கும் அம்மணி. டிக்கட்டு போட்டுறலாம்."

"அப்பா கிட்டக் கேட்டீங்களா?"

"உங்கப்பன் கிட்ட எதக் கேட்டு எது கெடைச்சிருக்குது?"

அவள் கயிற்றை விட்டாள். புத்தியுள்ளவர்கள் ஒரு தடவைதான் கேட்பார்கள். நான் இரண்டாவது குழாயை வாய் மேலே பார்க்கும்படி கட்டி, பாதிக் கிணறு ஆழத்தில் தொங்கவிட்டேன். அதன் ஒயரை மட்டும் அந்தப் பாட்டு வரும் வரைக்கும் மாட்டாமல் வைத்தேன். (ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று. இருந்தது.)

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தங்கமணி சுற்றி வளைத்துக் கேட்டதும் அதைத்தான். அந்த வருஷம் மழை பொய்த்து, சுற்றிலும் எல்லாத் தோட்டத்திலும் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாறையில் குழி போட்டு வெடி வைப்பார்கள். பொழுது சாய்கிற நேரத்தில்தான் வைப்பது. டம்மென்று கேட்டால் கல் எங்கே வந்து விழும் என்று தெரியாது. மாட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவன் மாட்டை விட்டுவிட்டு ஓடுவான். வண்டிக்கு அடியிலோ கட்டிலுக்கு அடியிலோ தலையைக் கொடுத்த பிறகுதான் யார் தோட்டத்தில் என்று விசாரிப்பார்கள். யோசிக்கிற வேலை தலைக்குக் கிடையாது, கால் பார்த்துக்கொள்ளும்.

பொழுது சாய்ந்தது. தோட்டம் நிறைய ஜனம். வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், கேக்கு, மிக்சர், கிண்ணத்தில் ஐஸ்கிரீம். மாப்பிள்ளையின் அப்பாவான பெரிய முதலாளி, கலெக்டர் ஆபீஸ்காரர்கள், மில்காரர்கள், வேட்டியும் துண்டுமாகப் பக்கத்துத் தோட்டத்து விவசாயிகள். மாமன் மண்டிக்காரருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். பி.ஏ. ஐஸ்கிரீமை ஓரத்தில் இருந்து அளவாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் கிணற்றோரமாக ஆம்ப்ளிபயர் மேஜைக்குப் பின்னால், சேட்டை செய்யாதவன் முகத்தோடு.

சின்ன முதலாளி பெண்ணின் கையைப் பிடித்து நடுவில் வந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒயரை மாட்டினேன். உள்ளே இருக்கிற பேஸ் ஒரு சொட்டுகூட மிச்சமில்லாமல் வரட்டும் என்று குமிழை முழுக்கத் திருப்பினேன். ஊசியை வைத்தேன்.

அந்தப் பாட்டு வெறும் டிரம்மில் ஆரம்பிக்கும்.

முதல் அடி விழுந்தது. பாட்டென்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பூமிக்குள் இருந்து வந்தது. கூடவே கிணற்றுச் சுவரின் பொந்துகளில் குடியிருந்த புறாக்கள் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே எகிறின. கிணற்றில் இருந்து டம்மென்று சத்தம், மேலே சாம்பல் நிறத்தில் என்னவோ சிதறிப் பறக்கிறது. இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

யாரோ "வெடி" என்றார்கள். இரண்டாவது அடி விழும்போது தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மேஜை உயரத்துக்கு மேல் ஒரு தலைப்பாகை இல்லை. கலெக்டர் ஆபீஸ்காரர்களுக்கு எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாது, ஆனாலும் எங்களைவிட வேகமாக ஓடினார்கள். ஒரு மேஜை சாய்ந்து, கேக்கு ஒரு பக்கம், ஐஸ்கிரீம் ஒரு பக்கம்.

இதையெல்லாம் நான் பார்க்கவில்லை. பிறகு சொல்லக் கேட்டதுதான். ஏனென்றால் நானும் ஓடிவிட்டேன்.

குழாயைக் கட்டியவன் நான். ஒயரை மாட்டியவன் நான். ஊசியை வைத்தவனும் நானே. ஆனால் டம்மென்றதும் கால் என்னைக் கேட்கவில்லை. ஆம்ப்ளிபயர் மேஜைக்கு அடியில் குந்தி, தலையை முட்டிக்குள் விட்டு, இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டேன்.

வெடி வைத்தால் கல் வரும். அந்தக் கிணற்றில் இருந்து டிரம்பெட் வந்தது. அடுத்துப் பொம்பளைக் குரலில் இங்கிலீசுப் பாட்டு வந்தது. மேஜைத் துணியைத் தூக்கி ஒவ்வொருத்தராக எட்டிப் பார்த்தார்கள். நடுவில் சின்ன முதலாளி கண்ணை மூடிக்கொண்டு, பெண்ணின் கையைப் பிடித்து, உலகத்தையே மறந்து ஆடிக்கொண்டிருந்தார். அவர் வரைக்கும் தரை அதிர்ந்தது, அது போதும். முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் ஒருத்தர் சிரித்ததும் கல் விழாத நிம்மதியில் தோட்டமே சிரித்தது. பெரியவர்கள் கிணற்று மேட்டில் போய் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, யாரு பாடறது என்று விசாரித்தார்கள்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. காதில்தான் விரல் இருக்கிறதே. ஜனம் முழுக்க வெளியே வந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்ட பிறகும் நான் அடியிலேயே இருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். தங்கமணி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நீங்க போட்ட பாட்டுதானுங்களே. வெளிய வாங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள், சிரிப்பு நிற்கவில்லை. கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மண்டிக்காரரும் மகனும் மட்டும் சிரிக்கவில்லை. பி.ஏ.யின் சட்டை முழுக்க ஐஸ்கிரீம். மண்டிக்காரர் மாமனிடம் வந்து, செட்டு ஓட்டின பையன் யாருங்க என்று கேட்டார். அக்கா மகனுங்க என்றார் மாமன். ஓ, சொந்தங்களா என்று மட்டும் சொன்னார் அவர். அந்த ஒரு வார்த்தையில் வெற்றிலை பாக்கெல்லாம் உடுமலைப்பேட்டைக்கே திரும்பிப் போய்விட்டது. மகனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மாமன் என்னை நோக்கி வந்தார். அவர் கை ஓங்குவதற்குள் சின்ன முதலாளி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இதைத்தான் கேட்டேன், இதேதான், மறுபடியும் முதலில் இருந்து போடு என்றார். முதலாளி கட்டிப் பிடித்திருக்கிறவனை எப்படி அடிப்பது? மாமன் ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். அன்று அந்தப் பாட்டை ஜனம் கேட்டுக் கேட்டுப் போடச் சொன்னது. புறாக்களுக்குத்தான் பிடிக்கவில்லை.

வேனில் திரும்பினோம். மாமன் முன்னால், நானும் குழாய்களும் பின்னால், நடுவில் தங்கமணியும் அத்தையும். துடியலூர் தாண்டும் முன்பே தங்கமணி குலுங்கினாள். சிரிக்காதே புள்ள என்று மாமன் அதட்டினார். கொஞ்சம் அடங்கினாள். மறுபடியும் குலுங்கினாள். அடுத்த தடவை மாமன் அதட்டவில்லை. அவர் தோளும் ஆடுவது எனக்குத் தெரிந்தது.

"என்ற வேட்டிய இழுத்துப் புடிச்சுட்டே பெரிய மொதலாளி வண்டிக்கடியில பூந்தாரு" என்றார். "வேட்டிய உடுங்கன்னு எப்படி நாஞ் சொல்றது?"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைக் கேட்டார். "ஏங் கண்ணு, இந்தக் கிறுக்கனையா கட்டிக்கறே?"

"சித்தெ பயந்த சுபாவமுங்க அப்பா. பரவால்லீங்க."

மாமன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே என்னிடம் சொன்னார்.

"ஐப்பசில வெச்சுக்கலாம். ஆனா கல்யாணத்துக்கு செட்டு வெளிய சொல்லிக்கறேன்."

அப்படியே ஆயிற்று. செட்டுக் கடை நடத்துகிறவரின் வீட்டுக் கல்யாணத்தில் வேறு கடைக்காரன் செட்டு பாடியது அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்களுடையதில் மட்டும்தான். என்னை அந்த ஆம்ப்ளிபயர் பக்கமே விடவில்லை.

இப்போது எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. போன மாசம் அவளுக்கு அவள் அம்மா ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பெயர் "அப்பா பாட்டு". அரிசி டிரம்மில் யாராவது டம்மென்று தட்டுவார்கள். உடனே வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாம், மாமன் உட்பட, கட்டிலுக்கோ மேஜைக்கோ அடியில் போய்க் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக வெளியே வருகிறவர்தான் அப்பா. இதுவரைக்கும் அந்த ஆட்டத்தில் என்னை யாரும் ஜெயித்ததில்லை.